500 கொம்போனன்ட் இருக்கிற கிட்டைக் காசு குடுத்து வாங்கலாமோ?

கேள்வி: வணக்கம் அண்ணை, நான் கிளிநொச்சியில இருந்து கடையளுக்கு ஆப் டிசைன் செய்து குடுக்கிறன். இப்ப பரந்தன்ல விதைநெல், உரம் விக்கிற கடை ஒண்டுக்கு ஃபிக்மா எண்ட டிசைன் மென்பொருள்ல செய்யிறன். முதலாளி பட்டன் நிறத்தை மாத்தச் சொன்னா ஒவ்வொரு ஸ்கிரீனாப் போய் மாத்த வேண்டிக்கிடக்கு. 500க்கு மேல கொம்போனன்ட் (பட்டன் மாதிரித் திரும்பத் திரும்பப் பாவிக்கிற துண்டுகள்) செய்து வைச்சிருக்கிற கிட் ஒண்டு டொலர்ல விக்கிறாங்கள், வாங்கினா இந்தக் கரைச்சல் தீருமோ?

பதில்: தம்பி, அவசரப்பட்டு வாங்காதையுங்கோ. உங்கட கரைச்சலுக்கு ஒரு சதமும் செலவழிக்கத் தேவையில்லை.

அந்தப் பட்டனை செலக்ட் பண்ணி கொன்ட்ரோல், ஓல்ட், கே மூண்டையும் சேர்த்து அமத்துங்கோ, அது மெயின் கொம்போனன்ட், அதாவது மூலம் ஆயிடும், லேயர் பக்கம் ஊதா நிறத்தில நாலு குட்டி டயமண்ட் தெரியும். பிறகு அசெட்ஸ் டாப்ல இருந்து இழுத்து இழுத்து மற்ற ஸ்கிரீன்கள்ல போடுங்கோ, மூலத்தோட தொடர்பில இருக்கிற அந்தப் பிரதியள்தான் இன்ஸ்டன்ஸ். மெயின்ல பச்சையை நீலமாக்கினா எல்லாம் நீலமாகும். ஆனா ஒரு இன்ஸ்டன்ஸை மட்டும் நீங்கள் சிவப்பாக்கி "அழிக்க" எண்டு எழுதியிருந்தா அது அப்பிடியே நிக்கும், ரீசெட் குடுத்தாத்தான் மெயின்ர நிறத்துக்குத் திரும்பும். இன்ஸ்டன்ஸை டிட்டாச் மட்டும் பண்ணிப்போடாதையுங்கோ, மெயினோட இருக்கிற தொடர்பு அறுந்திடும், பிறகு பழையபடி ஒவ்வொண்டாத்தான் மாத்த வேணும்.

ஒவ்வொரு நெல்லையும் காட்டுற பெட்டியையும் (கார்ட்) இப்பிடியே செய்யலாம். நெல்லின்ர பேரை மாத்த ஒரு டெக்ஸ்ட் ப்ரொப்பர்ட்டி, "இருப்பில் இல்லை" எண்ட லேபிளைக் காட்டவோ மறைக்கவோ ஒரு பூலியன் ப்ரொப்பர்ட்டி வைச்சீங்களெண்டா, வலப்பக்கத்தில ஆட்டக்காரி எண்டு நெல்லின்ர பேரை அடிச்சு லேபிளை ஓன், ஓஃப் பண்ணுறதோட வேலை முடிஞ்சுது. உங்கட ஆப்புக்கு 500 வேண்டாம், ஒரு இருவது நல்லதாச் செய்தாலே தாராளம்.

பிறகும் வாங்கத்தான் வேணுமெண்டா எண்ணிக்கையைப் பாக்காதையுங்கோ, பிரிவியூ பைல் கேட்டுத் திறந்து பாருங்கோ. சில கிட்டுகள்ல கொம்போனன்ட் எண்டு சொல்லி வெறும் குரூப்தான் வைச்சிருப்பாங்கள், அது சும்மா சேர்த்துக் கட்டினது, ஒண்டை மாத்தினா மற்றது மாறாது. எங்கட ஆக்களுக்கு முக்கியமான விசயம் தமிழ். "Buy" எண்ட மூண்டு எழுத்துக்கு அளந்து செய்த பட்டனில "கூடையில் சேர்க்க" எண்டு போட்டா வெளிய தள்ளும், எழுத்துக்கு ஏத்தபடி அளவை மாத்துற ஓட்டோ லேயவுட் போட்டிருந்தாத்தான் பட்டன் தானா நீளும். கனக்க கிட்டுகள் இன்டர் (Inter) எண்ட ஃபொன்ட்ல இருக்கு, அதில தமிழ் எழுத்தே இல்லை, நோட்டோ சான்ஸ் தமிழ் எண்ட ஃபொன்ட்டைப் போட்டுப் பாருங்கோ, அது இலவசம். வரி உயரம் இறுக்கமா இருந்தா மேல் வரியின்ர "கூ", கீழ் வரியின்ர "டி"யோட முட்டும், அதையும் வடிவாக் கவனியுங்கோ.

ஒரே பைலுக்குள்ள வேலை செய்ய ஃபிக்மாவின்ர இலவசக் கணக்கே காணும். கொம்போனன்டுகளை லைப்ரரியா பப்ளிஷ் பண்ணி மற்ற பைல்கள்லயும் பாவிக்கத்தான் காசுக் கணக்கு வேணும். அது தேவைப்பட்டா முதல்ல ஃபிக்மா மாதிரியான பென்பொட் (Penpot) எண்ட மென்பொருளைப் பாருங்கோ, ஓப்பன் சோர்ஸ், லைப்ரரி பகிரவும் காசில்லை.

கிட் வாங்கினா அதின்ர லைசன்ஸையும் வாசியுங்கோ, வாடிக்கையாளருக்குச் செய்து குடுக்கலாம் எண்டு தெளிவா எழுதியிருக்க வேணும். பிரிவியூவும் தராமல் லைசன்ஸும் காட்டாமல் காசை மட்டும் கேக்கிற ஆளிட்ட வாங்காதையுங்கோ.