ட்யூனர் வேண்டாம், கட்டிங் பிளேயர் போதும்

கேள்வி: ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுவது) தேர்வில் சமீபத்தில்தான் தேறினேன். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு நானே ஒரு டைபோல் ஆன்டெனா (நடுவில் இணைப்பு, இரண்டு பக்கமும் சம நீளக் கம்பி) கட்டியிருக்கிறேன். பிவிசி உறை போட்ட சாதாரண மின்கம்பி. சூத்திரப்படி ஒரு பக்கத்துக்கு 10 மீட்டர், மொத்தம் 20 மீட்டர். நடுப்பகுதி 7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரண்டு முனைகளும் கூரை மாதிரி சரிந்து இறங்குகின்றன. அங்கிருந்து 20 மீட்டர் கோஆக்ஸ் கேபிள் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோக வலைப்பின்னல்). எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 3 காட்டுகிறது, ரேடியோ தானாகவே பவரைக் குறைத்துவிடுகிறது. கருவிகள் விற்கும் ஒருவரிடம் கேட்டேன். "கையால் கட்டினால் இப்படித்தான். ஆட்டோ ட்யூனர் வாங்குங்கள், இல்லையென்றால் எல்லா அலைவரிசையிலும் 1.5-க்குக் கீழே காட்டும் ரெடிமேட் ஆன்டெனா தருகிறேன்" என்கிறார். எதை வாங்குவது?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். உங்கள் கம்பி கொஞ்சம் நீளமாக இருக்கிறது, அவ்வளவுதான். அதை அளந்து வெட்டினால் சரியாகிவிடும். ஒரு பைசா செலவில்லை என்பதால்தான் இதை அவர் உங்களிடம் சொல்லவில்லை.

142.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் நீளம் மீட்டரில் கிடைக்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது உறையில்லாத கம்பிக்கு, நல்ல உயரத்தில் நேர்கோடாகக் கட்டியதற்கு. பிவிசி உறை இருந்தால் அலை கம்பியில் சற்று மெதுவாகப் போகும், அதனால் அதே கம்பி 2 முதல் 5 சதவீதம் வரை நீளமானது போல நடந்துகொள்ளும். முனைகளைச் சரித்துக் கட்டினாலும் அது ஒத்திசையும் அதிர்வெண் இன்னும் கொஞ்சம் இறங்கும். நீங்கள் இரண்டையும் செய்திருக்கிறீர்கள். தேர்வில் சூத்திரத்தைக் கேட்கிறார்கள், விடையை மனப்பாடம் செய்து எழுதி எல்லாரும் பாஸாகிறோம். சூத்திரம் தருவது வெட்ட ஆரம்பிக்க வேண்டிய இடம்தான் என்று பாடம் எழுதியவர் ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஒரு பிளக்கைச் சரியாகச் சால்டர் செய்யத் தெரியுமா என்று எந்தத் தேர்வாவது கேட்டதுண்டா? உரிமம் மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மீதியைக் கடைக்காரர் கற்றுக்கொடுக்கிறார், அவருக்குத் தோதாக.

சரி, வேலைக்கு வருவோம். வெட்டுவதற்கு முன் ரேடியோவைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரால் கேபிளின் இரண்டு முனை பிளக்குகளையும் பாருங்கள். நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையில் ஷார்ட் இருக்கக் கூடாது (நடுவில் பாலன் பெட்டி, அதாவது கேபிளின் வெளித்தோலும் ஆன்டெனாவாகிவிடாமல் தடுக்கும் கருவி, வைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், சில வகைகள் மீட்டருக்கு ஷார்ட்டாகவே தெரியும்). ஊசியிலிருந்து ஒரு பக்கக் கம்பிக்கும், வெளி உலோகத்திலிருந்து மறு பக்கக் கம்பிக்கும் தொடர்பு இருக்க வேண்டும். கட்டிய முதல் ஆன்டெனாவில் பாதிக் கோளாறு அந்த பிளக்குக்குள்தான் இருக்கும். வலைப்பின்னலில் ஒரே ஒரு மெல்லிய இழை நழுவி நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேபிளை அசைத்தால் மட்டும் மீட்டர் துள்ளும். ஆகவே அசைத்துப் பாருங்கள்.

அது சரியாக இருந்தால், எஸ்.டபிள்யூ.ஆர். எந்த அதிர்வெண்ணில் மிகக் குறைவாக இருக்கிறது என்று தேட வேண்டும். 7.1-இல் 3 என்பது தனியாக ஒன்றும் சொல்லாது. பள்ளம் எங்கே இருக்கிறது என்பதுதான் செய்தி. நானோ விஎன்ஏ என்ற சின்னக் கருவி இதற்கென்றே இருக்கிறது. அதை 6-இலிருந்து 8 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடவிட்டு, கூடவே வரும் மூன்று துண்டுகளால் (திறந்தது, ஷார்ட், 50 ஓம்) அளவு திருத்திவிட்டு, கேபிளை மாட்டினால் கோடு எங்கே இறங்குகிறது என்று திரையில் தெரியும். அது மாட்டியிருக்கும்போது பக்கத்தில் யாரும் டிரான்ஸ்மிட் பட்டனைத் தொடக் கூடாது. தொட்டால் கருவி போயே போச்சு. வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை, உங்கள் கிளப்பில் ஒன்று இருக்கும். இருக்க வேண்டும். தலைவர், செயலாளர் தேர்தலுக்கும் சான்றிதழ் வழங்கும் விழாவுக்கும் செலவிடும் மாலைகளில் ஒன்றை புதியவர்களின் ஆன்டெனாவை அளந்து கொடுக்கச் செலவிட்டால் கிளப்புக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கருவி கிடைக்கவில்லையா? ரேடியோவின் மீட்டரே போதும். பவரை 5 வாட்டுக்கு இறக்கி, யாரும் பேசாத இடமாகப் பார்த்து, உரிமம் அனுமதிக்கும் எல்லைக்குள் 7.000, 7.050, 7.100 என்று 7.200 வரை அளந்து எழுதுங்கள். 7.000 பக்கம் போகப்போகக் குறைந்தால் கம்பி நீளம், 7.200 பக்கம் குறைந்தால் கம்பி குட்டை.

பள்ளம் 6.8-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 20 மீட்டரை 6.8-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் சுமார் 19.15 மீட்டர் வரும். ஆக மொத்தம் 85 சென்டிமீட்டர் குறைய வேண்டும், ஒரு பக்கத்துக்கு 42. எடுத்தவுடன் 42-ஐயும் வெட்டிவிடாதீர்கள். இரண்டு முனைகளிலும் சமமாக 30 சென்டிமீட்டரை மடித்து, கம்பியோடு கம்பியாக நெருக்கிச் சுற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மடித்த கம்பி ஏறக்குறைய வெட்டியது போலவே நடந்துகொள்ளும். பள்ளம் 7.1-க்கு வந்து நின்றபின் மிச்சத்தை வெட்டலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம். இரண்டு மூன்று தடவை ஏறி இறங்க வேண்டியிருக்கும். 1.5 வந்தால் நிறுத்திவிடுங்கள். 1.5-இல் திரும்பி வருவது 4 சதவீதம்தான். அதை 1.1 ஆக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எதிர்முனையில் கேட்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

அப்புறம், கேபிளைக் கையால் பிடித்தாலோ இடம் மாற்றிப் போட்டாலோ அளவு மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் கேபிளின் வெளித்தோலும் ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். நடுவில் ஒரு பாலன் வேண்டும். (குழந்தை இல்லை, கருவியின் பெயர் அப்படி.) 31 அல்லது 43 ரகப் பெரிய ஃபெரைட் வளையம் ஒன்றில் அதே கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் ஆயிற்று. பெட்டிக்குள் அடைத்து, தார் மாதிரி ஒன்றை ஊற்றி மூடி விற்பதெல்லாம் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க முடியாத எதையும் வாங்காதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் உங்கள் கடைக்காரர் சொல்வது போன்ற "எல்லா அலைவரிசை" ஆன்டெனா ஒன்றை வாங்கினேன். எங்கே தொட்டாலும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.3. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் யாரைக் கூப்பிட்டாலும் பதில் இல்லை. ஒரு நாள் பத்து நிமிடம் அனுப்பிவிட்டு அந்தப் பெட்டியைத் தொட்டேன், சுட்டது. ரம்பத்தால் அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு பெரிய ரெசிஸ்டர். நான் அனுப்பிய பவரில் பெரும்பகுதி வானத்துக்குப் போகாமல் அதைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறது. 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ரேடியோவில் மாட்டினால் எஸ்.டபிள்யூ.ஆர். சரியாக 1 காட்டும். அதற்கு டம்மி லோட் என்று பெயர், எங்கும் கேட்காமல் சோதிப்பதற்காகச் செய்தது. ஆக, எஸ்.டபிள்யூ.ஆர். குறைவு என்பது ஆன்டெனா நல்லது என்பதற்கான சான்று இல்லை. மட்டமான கேபிளும் இதே ஏமாற்றைச் செய்யும். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்ஸ் கேபிள் 30 மீட்டர் எடுத்து, அதன் மறுமுனையில் எதையும் மாட்டாமல் விட்டு 145 மெகாஹெர்ட்ஸில் அளந்தால் மீட்டர் 2-ஐ ஒட்டிக் காட்டும். ஆன்டெனாவே இல்லை, ஆனால் அளவு "பரவாயில்லை". போன பவரும் திரும்பி வரும் பவரும் வழியிலேயே கேபிளில் கரைந்துபோவதால் வரும் கண்கட்டு இது.

ட்யூனர் விஷயம் இன்னொரு கதை. பெயர்தான் ட்யூனர், அது ஆன்டெனாவை ட்யூன் செய்வதில்லை. ரேடியோவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் 50 ஓம்தான், கவலைப்படாதே" என்று ரேடியோவைச் சமாதானப்படுத்துகிறது. மேலே கம்பியின் நீளம் அப்படியேதான் இருக்கிறது, கேபிளுக்குள் எஸ்.டபிள்யூ.ஆர். அதே 3-தான். உங்கள் 3-க்குக் கால் பங்கு பவர் திரும்புகிறது. ட்யூனர் இருந்தால் அதில் பெரும்பகுதி மறுபடி மேலே போய்ச் சேர்ந்துவிடும், 7 மெகாஹெர்ட்ஸில் இழப்பு சொற்பம்தான். ஆனால் அரை மீட்டர் கம்பியை மடித்தால் தீரும் வியாதிக்கு எதற்கு இவ்வளவு பெரிய வைத்தியம்?

ஒரே ஒரு இடத்தில் ட்யூனர் நிஜமாகவே வாங்க வேண்டிய பொருள். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது அதைக் காட்டி உங்களை மடக்குவார்கள். கோஆக்ஸை விட்டுவிட்டு, ஏணி மாதிரி இரண்டு கம்பிகளை இணையாக ஓட்டி, நடுவில் பிளாஸ்டிக் துண்டுகளால் இடைவெளி வைத்து ஆன்டெனாவுக்கு இணைப்புக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த ஏணிக் கம்பியில் இழப்பு மிகக் குறைவு. அதனால் அதில் எஸ்.டபிள்யூ.ஆர். 10 இருந்தாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. இதே 20 மீட்டர் டைபோலை அப்படி ஊட்டினால் 7-இலிருந்து 28 மெகாஹெர்ட்ஸ் வரை பல அலைவரிசைகளில் ஓட்டலாம். அங்கே கீழே ட்யூனர் இல்லாமல் முடியாது. ஆனால் அது இரண்டு கம்பிக்கும் சமமாகக் கொடுக்கும் வகை ட்யூனராக இருக்க வேண்டும், அல்லது சாதாரண ட்யூனருக்கு அடுத்தபடி ஒரு பாலனும் குட்டையான ஒரு துண்டுக் கோஆக்ஸும். ஏணி சுவரை ஒட்டியோ, இரும்புக் கம்பி வேலியை ஒட்டியோ, ஜன்னல் கிராதியின் வழியாகவோ வரக் கூடாது, ஒரு சாண் தள்ளியாவது வர வேண்டும். தரையில் சுருட்டிப் போடவே கூடாது. காற்றில் முறுக்கிக்கொள்ளும், அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும். சில நீளங்களில் சில அலைவரிசையை ட்யூனர் பிடிக்காது. அப்போது ஏணியை ஒரு மீட்டர் கூட்டியோ குறைத்தோ பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் தயாரென்றால் தாராளமாக வாங்குங்கள். உங்களிடம் இருப்பது கோஆக்ஸ், வேண்டியது 7 மெகாஹெர்ட்ஸ் ஒன்றுதான். உங்களுக்கு இது பொருந்தாது.

முனைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டைபோலின் நுனியில்தான் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். 100 வாட்டில் யாராவது தொட்டால் சுட்டுவிடும். ஆகவே சரிந்து வரும் முனைகள் ஆள் கைக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கட்டும், மீதியைக் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். மின்சாரக் கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஆன்டெனா போகக் கூடாது, அறுந்து விழுந்தாலும் அதன்மேல் படாத தூரத்தில் இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.

வேலை முடிந்ததும் நடுவில் கேபிள் சேரும் இடத்தை ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றி, தண்ணீர் உள்ளே போகாமல் மூடுங்கள். கேபிள் அங்கிருந்து இறங்கும்போது ஒரு வளைவு கொடுத்தால் துளி அங்கேயே சொட்டிவிடும். இன்றைய அளவுகளை ஒரு தாளில் எழுதி ரேடியோவின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். நல்ல மழைக்காலம் ஒன்று போனபின் மறுபடி அளந்து பாருங்கள். நீங்கள் எதையும் தொடாமலே எஸ்.டபிள்யூ.ஆர். முன்னைவிட அழகாக, எல்லா இடத்திலும் சீராகக் குறைந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கேபிளுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.