பகத் பற்றிய உரை: பதக்கத்துக்குப் பிறகு என்ன சொல்வது?

வணக்கம். பொறியாளர் தின உரைக்குப் இந்திய ராணுவப் பொறியாளர் பிரேமீந்திர சிங் பகத்தை எடுத்திருக்கிறீர்கள், ஆனால் போர்வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் பதக்கமான விக்டோரியா கிராஸோடு பேச்சு நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில், அந்தப் பதக்கத்தையே பொறியாளர் வேலையாகச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரில், 1941 தொடக்கத்தில், சூடான் எல்லைக்கு அப்பால் அபிசீனியாவில் (இன்றைய எத்தியோப்பியா), பின்வாங்கிய இத்தாலியர்கள் வழிநெடுகக் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். ராணுவத்தின் பொறியாளர் பிரிவான பம்பாய் சாப்பர்ஸ் படையின் இளம் அதிகாரியான பகத் நான்கு நாட்கள், 55 மைல், முன்னணி வண்டியிலேயே போனார். 15 இடங்களில் கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்து அகற்ற வைத்தார். இரண்டு முறை அவருடைய வண்டியே வெடியில் சிக்கியது, கூட இருந்தவர்களுக்கு உயிர்ச்சேதம். ஒரு காதின் செவிப்பறை கிழிந்த பிறகும் ஆள் மாற்ற மறுத்தார். அதற்கு அவர் சொன்ன காரணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்: இந்த வேலை இப்போது தனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்றார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தப் பதில்தான்.

அப்புறம் 1962 சீனப் போரில் இந்தியாவின் தோல்வியை ஆராய்ந்த இருவர் குழுவில் ராணுவத் தளபதி ஹெண்டர்சன் புரூக்ஸுடன் இருந்தார். இதை ஒரு வரியில் கடந்துவிடலாம்.

1974இல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றதும் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தின் தலைவரானார். மைத்தான், பாஞ்செத் அணைகளைக் கட்டிய, மின்சாரமும் வெள்ளத்தடுப்பும் பார்க்கும் நிறுவனம் அது. அடுத்த ஆண்டே காலமானார். அதனால் இந்தப் பகுதி சுருக்கமாக இருந்தாலும் சரி, இழுத்து நீட்ட வேண்டாம்.