பிரெக்ஸிட் இழுபறி: வாசகர் கேள்விகள்

கேள்வி: மக்களே வாக்களித்து ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகச் (அதுதானே பிரெக்ஸிட்) சொன்ன பிறகும் பிரிட்டன் நாடாளுமன்றம் ஏன் அத்தனை நாள் இழுத்தடித்தது?

2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா? 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள். எப்படி விலகுவது என்று வாக்குச்சீட்டில் இல்லை. உறுப்பு நாடுகளுக்குள் சுங்க வரி இல்லாத சுங்க ஒன்றியத்திலாவது தொடரலாம் என்று நினைத்தவரும், எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போகவேண்டும் என்றவரும் ஒரே கட்டத்தில்தான் குறியிட்டார்கள். எல்லா வம்பும் அங்கேதான் தொடங்கியது.

போதாததற்கு, பிரதமர் தெரசா மே 2017இல் முன்கூட்டியே தேர்தல் நடத்தி, இருந்த பெரும்பான்மையையும் இழந்தார். பிரிட்டனுடனேயே இருக்கவேண்டும் என்னும் வட அயர்லாந்தின் டியுபி கட்சியின் 10 எம்பிக்கள் தயவில் ஆட்சி ஓடியது. ஒன்றியத்துடன் அவர் பேசி முடித்த விலகல் ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று 432க்கு 202 என்று தோற்றது. மார்ச்சில் இன்னும் இரண்டு முறை தோற்றது. தீவிர விலகல்காரர்களுக்கு அது அரைகுறை, ஒன்றிய ஆதரவாளர்களுக்கோ அதுவே அதிகம். இரண்டு பக்கமும் சேர்ந்து கவிழ்த்தார்கள்.

கேள்வி: சரி, அது பிடிக்காவிட்டால் எம்பிக்களே வேறு வழியைத் தேர்ந்தெடுத்திருக்கலாமே?

முயன்றார்கள். மார்ச் 27 அன்று 8 யோசனைகளை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஒன்றுகூட தேறவில்லை. ஏப்ரல் 1 அன்று 4 யோசனைகள், அவையும் தோற்றன. சுங்க ஒன்றியத்தில் தொடரும் யோசனை 273க்கு 276 என மூன்றே வாக்குகளில் போனது. இரண்டாவது பொதுவாக்கெடுப்பு கேட்டவர்களில் சிலர் இதற்குக் கைகொடுக்கவில்லை. முடிச்சு அவிழ இருந்த நல்ல வாய்ப்பு அந்த இரவுதான் என்பது என் கருத்து. தனக்குப் பிடித்த வழி மட்டுமே வேண்டும் என்று ஒவ்வொரு அணியும் பிடிவாதமாக நின்றது.

கேள்வி: அயர்லாந்து எல்லையை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசினார்கள்?

ஏனென்றால் அது உயிர்ப் பிரச்சினை. பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும், தனி நாடான அயர்லாந்து குடியரசுக்கும் நடுவே சுமார் 500 கி.மீ. எல்லை, வயல்களையும் சாலைகளையும் குறுக்கே வெட்டிப் போகிறது. பிரிட்டனுடன் இருப்பதா, அயர்லாந்துடன் சேர்வதா என்று வட அயர்லாந்தில் நடந்த முப்பது ஆண்டு மோதலில் ஏறத்தாழ 3,500 பேர் மாண்டார்கள். அப்போது அங்கே ராணுவச் சோதனைச் சாவடிகள் இருந்தன. 1998இன் புனித வெள்ளி அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவை மறைந்தன. பிரிட்டனும் அயர்லாந்தும் ஒன்றியத்தின் ஒரே சந்தையில் இருந்ததால் சரக்கைச் சோதிக்கவும் அவசியமில்லை. வடக்கே கறந்த பால் தெற்கே தொழிற்சாலைக்குத் தடையின்றிப் போகும்.

பிரிட்டன் சந்தையைவிட்டு விலகினால் எங்காவது சோதனை வேண்டும். வேறு தீர்வு கிடைக்கும்வரை பிரிட்டன் முழுவதுமே ஒன்றியத்துடன் ஒரே சுங்க வட்டத்தில் இருக்கட்டும் என்றது மேயின் ‘பேக்ஸ்டாப்’ ஏற்பாடு. அதிலிருந்து தன்னிச்சையாக வெளியேற முடியாது என்பதால் அவருடைய கட்சிக்காரர்களே கொதித்தார்கள். அடுத்துப் பிரதமராக வந்த போரிஸ் ஜான்சன், சோதனையைக் கடலுக்கு மாற்றினார்; அதாவது பிரிட்டன் தீவிலிருந்து வட அயர்லாந்துக்கு வரும் சரக்குக்குச் சோதனை. தங்களைத் தனியே பிரிப்பதாக டியுபி குமுறியது. 2022 பிப்ரவரியிலிருந்து இரண்டு ஆண்டுகள் தலைநகர் பெல்ஃபாஸ்டில் இருக்கும் வட அயர்லாந்து ஆட்சியையே முடக்கியது. இழுபறி லண்டனில் முடிந்து அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த மக்களை யாரும் சரியாகக் கேட்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

கேள்வி: ஜான்சன் நாடாளுமன்றத்தையே மூடினாராமே?

ஐந்து வாரத்துக்கு முடக்கிவைக்கப் பார்த்தார். 2019 செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் செல்லாது என்றார்கள். அப்புறம் டிசம்பர் 12 தேர்தலில் அவர் 365 இடங்களுடன் ஜெயித்தார். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் விலகியது.

கேள்வி: நாங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம். லண்டனில் இருக்கும் என் அண்ணனைப்போல என் மகனும் அங்கே போய் வேலை பார்க்க முடியுமா?

முன்புபோல பிரெஞ்சு பாஸ்போர்ட்டை மட்டும் காட்டிப் போய் வேலைக்குச் சேர முடியாது. வேலை விசா வேண்டும். 2020 டிசம்பர் 31க்குள் அங்கே வசித்தவர்கள் 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பித்துத் தங்கும் உரிமை பெற்றிருக்க வேண்டும். உங்கள் அண்ணன் அதைத் தவறவிட்டிருந்தால், தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டி இப்போதும் விண்ணப்பிக்கலாம். முதலில் அதை விசாரியுங்கள்.