அவுரி கேட்டால் எந்த அவுரி? நூல், ராட்டை, சாயம்: வாசகர் கேள்வி-பதில்

புளியில் கொட்டை எடுத்தாகிவிட்டது. கேழ்வரகு மூட்டை ஏறிவிட்டது. மாங்காய் லோடு போகும் வீடுகளைத் தவிர மற்றவர்களுக்கு ஆடிப்பட்டம் வரை கை கொஞ்சம் சும்மா இருக்கும். அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராட்டை, நூல், சாயம் பற்றியவை. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. ஆறு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பாலக்கோடு வாசகி: அக்கா, ஆன்லைனில் ஒரு பெட்டி ராட்டை வாங்கினேன். மார்ச்சில் வந்தது, நன்றாகத்தான் ஓடியது. இப்போது நிமிடத்துக்கு ஒருதரம் நூல் அறுகிறது. மட்டமான ராட்டையைத் தலையில் கட்டிவிட்டார்களா? திருப்பி அனுப்பலாமா?

எந்த நேரத்தில் அறுகிறது என்று முதலில் கவனியுங்கள். விடியற்காலை ஆறு மணிக்கு ஒழுங்காக ஓடி, பதினொரு மணிக்கு மேல் அறுந்தால் ராட்டை மேல் குற்றமில்லை, கத்திரி வெயில் மேல்தான். பருத்தி இழைக்கு ஈரம் இருந்தால்தான் வலு. மில்களில்கூட நூற்கும் கூடத்தில் காற்றை ஈரப்படுத்தித்தான் ஓட்டுகிறார்கள். ஓட்டு வீட்டுத் திண்ணையில் மத்தியானம் உட்கார்ந்தால் இழை மொறமொறவென்று ஆகி, இழுத்த கையோடு வந்துவிடும். சன்னலில் ஒரு நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். அதைவிட நல்லது, காலையில் நூற்றுவிட்டு மத்தியானம் தூங்குவது.

காலையிலும் அறுகிறதென்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். கதிரை, அதாவது நூல் முறுக்கேறும் கம்பியை, கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டுங்கள். முனை துள்ளினால் கதிர் வளைந்திருக்கிறது. அடுத்தது பஞ்சுப் பட்டை, நூற்பதற்காகச் சுருட்டி வைத்த பஞ்சு. பார்சலில் நசுங்கித் தட்டையாகி வந்த பட்டையிலிருந்து யார் நூற்றாலும் அறுகத்தான் செய்யும்.

கதிர் வளைந்தே வந்திருந்தால் அது குறையுள்ள பொருள். போட்டோ எடுத்து, அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் நீங்களே "மார்ச்சில் நன்றாக ஓடியது" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வெயிலைத்தான் சந்தேகப்படுவேன்.

காரிமங்கலம் வாசகி: மாதுளந்தோல் பொடி அரைக் கிலோ வாங்கினேன். கடையில் காட்டிய மாதிரி நூல் நல்ல தங்க மஞ்சள். சொன்னபடியே படிகாரம் போட்டுக் காய்ச்சினேன். எனக்கு வந்தது சாணிப் பச்சை. பொடியில் கலப்படம்தானே? கடைக்காரர் "விற்றதைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்கிறார்.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் உங்கள் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். செலவு ஐந்து ரூபாய்கூட ஆகாது. இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் உங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் ஒகேனக்கல் குடிநீர்க் குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர். இரண்டிலும் அரை ஸ்பூன் கடுக்காய்ப் பொடி போட்டுக் கலக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். போர் தண்ணீர் டம்ளர் மட்டும் சாம்பலாகவோ மை போலவோ கறுத்தால், தண்ணீரில் இரும்பு இருக்கிறது. கடுக்காயிலும் மாதுளந்தோலிலும் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. அந்தக் காலத்தில் எழுதுகிற மையே இப்படித்தான் செய்தார்கள். மஞ்சளோடு அந்தக் கறுப்பு கொஞ்சம் சேர்ந்தால் என்ன வரும்? நீங்கள் சொன்ன சாணிப் பச்சைதான்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இரண்டிலும் நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஃபுளோரைடு தொல்லை தாங்காமல்தான் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டமே வந்தது, 2013-ல். பல்லுக்கும் எலும்புக்கும் ஆகாத தண்ணீரை நாம் குடிப்பதில்லை. நூலுக்கு மட்டும் எது வேண்டுமானாலும் போதும் என்று நினைத்துவிடுகிறோம். உப்பு அதிகமுள்ள தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்காத தண்ணீரில் நூலின் மெழுகும் அழுக்கும் சரியாகப் போகாது. அழுக்கு போகாத நூலில் சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். குடிதண்ணீரை இறைத்துச் சாயம் போடச் சொல்லவில்லை. நூலை அலசுவதற்குப் போர் தண்ணீர் போதும். படிகாரமும் சாயமும் போடும் அந்த இரண்டு குண்டாத் தண்ணீர் மட்டும் நல்லதாக இருக்கட்டும்.

இன்னொன்று, எந்தப் பாத்திரத்தில் காய்ச்சினீர்கள்? நீங்கள் எழுதவில்லை. இரும்புச் சட்டி என்றால் டம்ளர் சோதனையே வேண்டாம், விடை அதுதான். எவர்சில்வர் குண்டாவில் காய்ச்ச வேண்டும். அந்தக் குண்டா திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. படிகாரம், நூறு கிராம் நூலுக்குப் பதினைந்து கிராம் போதும். பருத்தியென்றால் முதலில் கடுக்காயில் ஊறவைத்து, பிறகு படிகாரம். "இயற்கைச் சாயம்" என்று பெயர் போட்டு விற்கும் சில பெட்டிகளில் மயில்துத்தம் (செம்பு உப்பு) ஒரு பொட்டலம் வைத்திருக்கிறார்கள். அது விஷம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படிகாரத்தை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு டம்ளரும் ஒரே நிறமாக இருந்து, பாத்திரமும் எவர்சில்வராக இருந்தால், அப்போது பொடியைச் சந்தேகப்படலாம். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். "திரும்ப வாங்க மாட்டோம்" என்று கடையில் எழுதி மாட்டினால் சட்டம் மாறிவிடாது. பில் தர மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். உங்களிடம் பில் இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஊத்தங்கரை வாசகர்: நீலச் சாயத்துக்கு அவுரி வாங்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம் அவுரி இலை இரண்டு கிலோ சொல்லி வாங்கினேன். ஊறவைத்தேன், அடித்தேன், காற்றில் காட்டினேன். நீலம் வருவதாகத் தெரியவில்லை. பிறகுதான் விஷயம் புரிந்தது. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்தில் நிலாவாரையையும் அவுரி என்றுதான் சொல்கிறார்கள். அது பேதி மருந்துக்குப் போகும் இலை. அவர் ஏமாற்றவில்லை, அவர் ஊர்ப் பெயரைச் சொல்லி விற்றார். வீட்டில் அந்த இரண்டு கிலோவை என்ன செய்வதென்று ரொம்ப நாள் பேசிச் சிரித்தோம்.

சரியான நீல அவுரியே கிடைத்தாலும், தலைமுடிக்கென்று விற்கும் இலைப்பொடி நூலுக்குச் சரிப்படாது. நூலுக்கு வேண்டியது இலையை ஊறவைத்து, அடித்து, படியவைத்து எடுத்த அவுரிக் கட்டி. திண்டிவனம் பக்கம் இன்றும் செய்கிறார்கள். வாங்கும்போது நகத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள், செம்பு போல மினுங்க வேண்டும். சின்னத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டால் நல்ல கட்டி மிதக்கும். மண் கலந்தது அடியில் போய் உட்காரும். முதல் தடவை நூறு கிராமுக்கு மேல் வாங்காதீர்கள்.

போச்சம்பள்ளி வாசகர்: இரண்டு இடத்தில் 40-ம் நம்பர் நூல் வாங்கினேன். ஒன்று மெல்லிசு, ஒன்று தடிமன். தடிமனாகக் கொடுத்தவர் ஏமாற்றிவிட்டாரா?

மெல்லிசு மில் நூல், தடிமன் கதர் நூல். சரிதானே? இரண்டும் 40-தான், கணக்கு வேறு. மில் கணக்கில் ஒரு சிட்டம், அதாவது அளந்து சுற்றிய நூல் கட்டு, 840 கெஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் என்பது நம்பர். கதர் கணக்கில் ஒரு சிட்டம் 1000 மீட்டர். ஒரு கிலோவுக்கு எத்தனை சிட்டம் என்பது நம்பர். ஆகவே 40-ம் நம்பர் கதர் நூல் ஒரு கிலோவில் 40 கிலோமீட்டர் இருக்கும். அதே நம்பர் மில் நூலில் 67 கிலோமீட்டருக்கும் மேல். நூறு மீட்டரை அளந்து நகைக்கடைத் தராசில் வைத்தால் கதர் நூல் 2.5 கிராம், மில் நூல் 1.5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இதற்கு அதிகமாகக் காட்டினால்தான் சண்டை போட வேண்டும். அதற்கு முன்னால் நூல் காய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பருத்தி ஈரத்தைக் குடிக்கும். வியாபாரக் கணக்கிலேயே நூற்றுக்கு எட்டரை பங்கு ஈரத்தை ஒத்துக்கொள்கிறார்கள். கையில் எடுத்ததும் சில்லென்று இருக்கும் சிட்டத்தை எடை போட்டு வாங்கினால் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறீர்கள். நூலை வெயில் காலத்தில் வாங்குவதில் இந்த ஒரு லாபம் உண்டு.

மத்தூர் வாசகி: எங்களிடம் எட்டு மேச்சேரி ஆடு இருக்கிறது. கம்பளி நூற்க ராட்டை வாங்கலாமா?

மேச்சேரி ஆட்டுக்கு இருப்பது முடி, கம்பளி இல்லை. கறிக்கும் தோலுக்கும் பேர் போன ஆடு அது. நூற்க வராது. ராட்டைக் காசில் தீவனம் வாங்குங்கள்.

தர்மபுரி வாசகர்: நம் ஊரில்தான் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறது. கூடு வாங்கி வீட்டிலேயே கையால் பட்டு நூற்றால் மலிவாகுமா? கிலோ விலையைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது.

அந்தக் கிலோ விலை பச்சைக் கூட்டுக்கு. உள்ளே புழு இருக்கிறது, எடையில் பெரும்பங்கு அதுதான். ஒரு கிலோ பச்சைக் கூட்டில் பட்டு ஓடு மட்டும் ஏறத்தாழ 200 கிராம். அந்த ஓட்டிலும் கால்வாசி பசை. சோப்புப் போட்டு வேகவைத்தால் கரைந்து போய்விடும். கடைசியில் கையில் நிற்பது 150 கிராம் பட்டு. கிலோ விலையை ஆறு, ஏழால் பெருக்கிப் பாருங்கள், அதுதான் உங்கள் பட்டின் விலை. அதோடு, அங்காடியில் நடக்கும் ஏலம் என்பது நூற்பாளர்கள் மொத்தமாக எடுக்கும் இடம். ஒரு கிலோவுக்கு அங்கே போய் நிற்க முடியாது. தெரிந்த விவசாயியிடம் வாங்கினாலும் உடனே காயவைத்துப் புழுவை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வந்து நிற்கும்.

துளைத்த கூட்டைக் கேட்டு வாங்குவதுதான் உங்களுக்குச் சரி. விதைக்கூடு வைத்து முட்டை எடுக்கும் இடங்களில் மிஞ்சுவது அது. ஓசூர் பக்கம் விசாரியுங்கள். இழை அறுந்துவிட்டதால் அதில் நீளமாகப் பட்டு இழுக்க வராது, பஞ்சு போலப் பிரித்து நூற்கத்தான் ஆகும். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே. பூச்சி வெளியே போய்விட்டதால் எடை முழுக்க ஓடு. கிலோ விலை கூடுதலாகச் சொன்னால் பயப்படாதீர்கள், வேகவைத்த பிறகும் முக்கால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட நிற்கும். கையில் குலுக்கிப் பார்த்து வாங்குங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் அது பூச்சி வெளியேறாத கூடு, அதைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.