கார் வந்து இடித்தால் கராஜ் கதவு தாங்குமா? வாசகர் கேள்வி-பதில்

பிரிட்டனில் இருக்கிறோம். ரோலர் ஷட்டர் போடலாம் என்று பார்க்கிறோம். தகடு தடிமனாக இருந்தால் கார் மோதினாலும் தாங்கும்தானே?

எல்லோரும் முதலில் தடிமனைத்தான் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். கார் முட்டியதும் ஷட்டர் தூளி மாதிரி உள்ளே தொய்யும். அப்போது ஷட்டரின் குறுக்குப் பட்டைகளின் நுனி, அவை ஏறி இறங்கும் இருபக்கச் சேனலிலிருந்தும் உருவிக்கொண்டு வரப் பார்க்கும். உருவிவிட்டால் கதை முடிந்தது, தகடு கிழியக்கூட வேண்டியதில்லை. அதனால்தான் பட்டை நுனியில் கொக்கி வைத்துச் சேனலுக்குள் மாட்டிவிடுகிறார்கள்.

சரி, நுனி பிடித்துக்கொண்டது. இப்போது அந்த இழுவை சேனலுக்கும், அங்கிருந்து அதைச் சுவரில் பிடித்திருக்கும் ஆங்கர் போல்ட்டுக்கும், கடைசியில் சுவருக்கும் போகும். நான் பார்த்த ஒரு சோதனையில் கதவுக்கு ஒரு பள்ளம் மட்டும்தான். இடதுபக்கச் சேனலோ நான்கு வரிசைச் செங்கலோடு பெயர்ந்து தரையில் கிடந்தது. போல்ட் துளையைச் செங்கல் விளிம்பை ஒட்டிப் போட்டிருந்தார்கள். அடுத்த முறை அதே கதவைத் தரைக் கான்கிரீட்டில் ஊன்றிய எஃகுச் சட்டத்தில் மாட்டினோம். நின்றது.

காற்றழுத்தத்தில் "வகுப்பு 4" என்கிறார் விற்பனையாளர். போதாதா?

அது புயல் காற்றுக்கு. ஈஎன் 12424 என்ற ஐரோப்பிய விதிப்படி வகுப்பு 4 என்றால் 1,000 பாஸ்கல். 2.4 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் உள்ள கதவுக்கு அது ஏறக்குறைய அரை டன் சுமை, அதுவும் கதவு முழுக்கப் பரவி. 1,500 கிலோ கார் ஒன்று வீட்டு முன்னால் உள்ள ஆறு மீட்டரிலேயே மணிக்கு 20 கி.மீ. தொட்டுவிடும். அதை அரை மீட்டருக்குள் நிறுத்த (காரின் முகப்பு நசுங்குவதையும் சேர்த்துத்தான்) சராசரியாக நாலரை டன்னுக்கு மேல் தாங்க வேண்டும், அதுவும் பம்பர் அகலத்தில். 48 கி.மீ. வேகத்தில் அதுவே 27 டன் ஆகும்.

எல்பிஎஸ் 1175 சான்று இருக்கிறது என்கிறார்களே?

நல்ல பாதுகாப்புச் சான்றுதான், ஆனால் அது கையில் கருவியோடு உடைத்து நுழைய வரும் ஆளுக்கானது. "பி3" (B3) என்றால் பி தொகுப்புக் கருவிகளுக்கு எதிராக 3 நிமிடம். அதில் கார் இல்லை.

வண்டி மோதலுக்கு 2023-இல் வந்த சர்வதேச விதி ஐஎஸ்ஓ 22343, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்2656 மாதிரி தனி விதிகள் உண்டு. அவற்றைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அமெரிக்க விதியில் "எம்30-பி1" (M30-P1) என்றால் 6,800 கிலோ லாரி, மணிக்கு 30 மைல், ஊடுருவல் 1 மீட்டருக்குள். ஆனால் அந்த 1 மீட்டரைப் பம்பரிலிருந்து அளப்பதில்லை, சரக்குத் தட்டின் முன்விளிம்பிலிருந்து அளக்கிறார்கள். லாரியில் வெடிகுண்டு கொண்டுவந்தால் அது அங்கேதானே இருக்கும்! தூதரக வாசலுக்கு அந்தக் கணக்கு சரி. உங்கள் கராஜிலோ கதவுக்கு இரண்டடி தள்ளியே கார் நிற்கிறது. லாரியின் என்ஜினும் கேபினும் உங்கள் கார்மேல் ஏறிய பிறகும் தாளில் "தேர்ச்சி" என்றுதான் இருக்கும். எவ்வளவு தூரம், எங்கிருந்து அளந்தது என்று இரண்டையும் கேளுங்கள்.

சோதனையில் காரை யார் ஓட்டுவார்கள்?

யாரும் இல்லை. கேபிள் இழுத்து வரும், மோதுவதற்குச் சற்று முன் விட்டுவிடும். அதற்கு முன்பே கணினிக் கணக்கு, ஜாக்கி வைத்துத் தள்ளுவது, ஊசல் எடையால் அடிப்பது எல்லாம் முடிந்திருக்கும். முழு மோதல் செலவு பிடித்த விஷயம். தூசி அடங்கியதும் விருந்தினர்கள் கதவைப் படம் எடுப்பார்கள், நாங்கள் போல்ட்டைப் பார்க்கப் போவோம்.

வீட்டுக்கு இவ்வளவும் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். உங்கள் காரைத் திருட வருபவனுக்கு அது நசுங்காமல் வேண்டும். அவன் மோதுவதைவிட, மேல் இடுக்கில் கம்பி விட்டு அவசரத்துக்குக் கதவைக் கையால் திறக்க உள்ளே வைத்திருக்கும் கயிற்றை இழுக்கவோ, சங்கிலி கட்டிக் கதவை வெளியே பிடுங்கவோதான் பார்ப்பான். முன்னால் மோதிய சோதனை இந்த இரண்டையும் பற்றி எதுவும் சொல்லாது. கயிற்றுக்கு மறைப்புத் தகடு போடுங்கள். கதவுக்கு முன்னால் பூட்டைத் திறந்தால் மட்டும் இறங்கும் இரும்புத் தூண் ஒன்றைக் கான்கிரீட்டில் ஊன்றினால் ஓடிவந்து மோதவும் இடமில்லை, உள்ளே இருக்கும் காரை எடுத்துப் போகவும் வழியில்லை. குழி தோண்டும் முன் கேஸ் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிடுங்கள்.