பெயர் பிடிக்காத பிள்ளைக்கு எந்தப் படக்கதை?

கேள்வி: முதல் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு என் மாமியார் பெயரையே, மாதம்மாள் என்று வைத்தோம். "மாதம்மா, இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டு வகுப்பே சிரிக்கிறதாம். 'தியா' என்று மாற்றச் சொல்லி அழுகிறாள். பெயர் பிடிக்காத குழந்தைகளுக்கென்றே படக்கதைகள் உண்டாமே, எதை வாங்கலாம்?
- வாசகி, பாலக்கோடு

பதில்: உண்டு. ஆனால் எல்லாம் ஒரே நோய்க்கு மருந்தல்ல. கேலியால் கசந்த பெயர் ஒன்று, நீளமும் பழமையுமாக இருப்பதால் கசந்த பெயர் இன்னொன்று, ஊர் மாறிப் போனதால் யார் வாயிலும் நுழையாத பெயர் மூன்றாவது. உங்கள் மகளுக்கு முதல் இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

கேலியால் கசந்த பெயருக்கென்றே பெயர்போன படக்கதை கெவின் ஹெங்க்ஸ் எழுதி வரைந்த 'கிரிஸாந்திமம்' (1991). ஆங்கிலப் புத்தகம் என்பதால் நீங்கள்தான் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும், அங்கேதான் சறுக்கும். கதை நாயகியான எலிக்குட்டியின் பெயரே கிரிஸாந்திமம்தான், ஆங்கிலத்தில் 13 எழுத்து. ஆங்கிலத்தில் மொத்தமே 26 என்பதால் பாதி எழுத்தை இவள் பெயரே தின்றுவிட்டது என்று கேலி. 247 எழுத்துள்ள நம்மிடம் அந்த நக்கல் செல்லாது. பூவின் பெயர் என்பதும் அங்கே கேலிதான். அதைச் 'சாமந்தி' என்று மொழிபெயர்த்தால் இன்னும் மோசம்; நம் பக்கம் தோட்டம் தோட்டமாகப் பூப்பது, செவ்வந்தி என்று பிள்ளைக்கே வைக்கிறோம், இதில் கேலி எங்கே என்று குழந்தை விழிக்கும். பெயரை அப்படியே விட்டுவிட்டு, "இவ்வளவு நீளமா!" என்ற கேலியை மட்டும் சொல்லுங்கள்.

இந்தக் கதையில் எங்களுக்கு ஒரு குறை உண்டு. எல்லோருக்கும் பிடித்த பாட்டு டீச்சரின் பெயரும் நீளமான பூப்பெயர்தான் என்று தெரிந்ததும் கேலி நின்றுவிடுகிறது. அப்படி ஒரு டீச்சர் எல்லாப் பிள்ளைக்கும் வாய்ப்பதில்லை. அந்தப் பக்கத்தில் நிறுத்தி, "டீச்சர் வரலேன்னா இவ என்ன பண்ணியிருப்பா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் வீட்டுக்கு அதைவிடப் பொருந்துவது ஹுவானா மார்ட்டினெஸ்-நீல் படைத்த 'ஆல்மா' (2018). ஆறு பெயர் சேர்ந்த நீளப் பெயரோடு சலித்துக்கொள்ளும் சிறுமிக்கு, ஒவ்வொன்றும் யாரிடமிருந்து வந்தது என்று அப்பா சொல்கிறார். வாசித்த கையோடு மாமியாரின் பழைய போட்டோ ஒன்றை எடுத்து வையுங்கள். "பாட்டி ரொம்ப நல்லவங்க" என்றால் ஆறு வயதுக்கு ஒட்டாது. சட்டியைக் காலால் அணைத்துப் பிடித்து, இரண்டு கையாலும் துடுப்பைப் போட்டு ராகிக் களி கிண்டுவாரே, அதைச் சொல்லுங்கள். அது ஒட்டும்.

கேள்வி: தளி பக்கம் தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு, கன்னடம். திம்மக்கா, நஞ்சப்பா போன்ற பெயர்களை மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். வகுப்பில் இப்படிப்பட்ட கதை வாசிக்கலாமா?

பதில்: வாசிக்கலாம், கேலி நடந்த வாரத்தில் வேண்டாம். யாருக்காக வாசிக்கிறீர்கள் என்று வகுப்புக்குத் தெரிந்துவிடும். எல்லோரும் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று வாரம் விட்டு, வேறு இரண்டு கதைகளுக்கு நடுவே வையுங்கள். இன்னொரு ஆபத்து, கதையிலுள்ள கேலியையே பிள்ளைகள் கற்றுக்கொள்வது. அந்த வரிகளை நடித்துக் காட்டாமல் குரல் ஏற்றாமல் கடந்து போங்கள்.

யாங்சூக் சோயின் 'தி நேம் ஜார்' (2001) உங்களுக்கு ஏற்றது. கொரியாவிலிருந்து வந்த உன்ஹேயின் பெயரைப் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். வகுப்பில் தனக்கு இன்னும் பெயர் தேர்ந்தெடுக்கவில்லை என்கிறாள். வகுப்பே ஜாடியில் பெயர்களை எழுதிப் போட, கடைசியில் தன் பெயரையே வைத்துக்கொள்கிறாள். வாசித்துவிட்டு அதே ஜாடி விளையாட்டை வகுப்பில் நடத்தாதீர்கள். திம்மக்காவுக்கு வேறு பெயர் தேடச் சொல்வதாகவே அது முடியும். அம்மா வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறாரோ கேட்டு, வருகைப் பதிவில் அதே உச்சரிப்பில் கூப்பிடுங்கள்.

'உன் பெயர் வந்த கதை' என்று வீட்டுப்பாடமும் தர வேண்டாம். பெண்ணாகப் பிறந்ததற்குச் சலித்துக்கொண்டு 'போதும்பொண்ணு' என்று வைத்த பெயர்கள் நம் நாட்டில் உண்டு. அந்தப் பிள்ளை எழுந்து நின்று என்ன கதை சொல்லும்?

கேள்வி: என் பேரனின் பெயரை வைத்து நாங்களே ஒரு படக்கதை செய்ய முடியுமா?
- வாசகர், அரூர்

பதில்: அச்சான படக்கதைகள் பெரும்பாலும் 32 பக்கம். கையால் செய்ய 16 போதும். ஏ4 தாள் நான்கை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 16 பக்கம். முதல் பக்கம் தலைப்பு, நடுவே எதிரெதிர்ப் பக்கங்களாக ஏழு ஜோடி, கடைசியில் ஒரு தனிப் பக்கம். ஸ்கெட்ச் பேனா சாதாரண ஜெராக்ஸ் தாளில் பின்பக்கம் ஊறும். சற்றுத் தடித்த 100 ஜிஎஸ்எம் தாள் வாங்குங்கள், இல்லாவிட்டால் கிரேயான். அட்டைக்கு 30.5 x 21.5 செ.மீ. சார்ட்.

மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, இரு முனையிலிருந்தும் 4 செ.மீ. உள்ளே ஒவ்வொன்று. காம்பஸ் முள்ளால் உள்பக்கமிருந்து குத்துங்கள். வெளியிலிருந்து குத்தினால் மடிப்பு தவறித் தாள் கிழியும். தையல் நூல் தாளை அறுக்கும், பூக்கட்டும் நூல் 55 செ.மீ. எடுங்கள். உள்ளேயிருந்து நடுத்துளை வழியே வெளியே, மேல்துளை வழியே உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியே வெளியே, மறுபடி நடுத்துளை வழியே உள்ளே. நீளத் தையலின் இரு பக்கமும் இரு நுனிகள் நிற்கும்படி முடிச்சுப் போடுங்கள்.

பக்கத்துக்கு 12 வார்த்தைக்கு மேல் வேண்டாம். கேலி வலப்பக்கத்தில் வரட்டும். புரட்டினால்தான் பையன் என்ன செய்தான் என்று தெரிய வேண்டும். தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைக் கொண்டுவரக் கை துறுதுறுக்கும். வாளெடுத்த வீரன், ஆனால் இன்றைய வகுப்பில் அஞ்சி என்று கூப்பிட்டால் "பயந்துட்டியா?" என்பார்கள்! நமக்குச் சுவைதான். ஆனால் பேரனின் சிக்கலைப் பேரனே தீர்க்கட்டும், மன்னர் வந்து தீர்க்க வேண்டாம்.

கேள்வி: கதையெல்லாம் சொல்லிப் பார்த்தும் மகன் பெயரை மாற்றியே தீர வேண்டும் என்கிறான். மாற்றலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மாற்றலாம், தவறே இல்லை. 10-ம் வகுப்புச் சான்றிதழ் வருவதற்கு முன் முடிவெடுங்கள். பிறகென்றால் ஒவ்வொரு ஆவணமாகத் திருத்த வேண்டிவரும். தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும், 18 வயது ஆகாதவருக்குப் பெற்றோரே விண்ணப்பிக்கலாம். இனிஷியலும் ஆங்கில எழுத்துக்கூட்டும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கட்டும். விண்ணப்பிக்கும் முன் மூன்று மாதம் வீட்டில் புதுப் பெயரால் கூப்பிட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் இரண்டாவது வாரமே திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.