சின்ன டொக்டரும் கிளினிக் கொப்பியும்

கேள்வி: யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஊர் புதுக்குடியிருப்பு. லீவில் வந்தால் அயலட்டைச் சனம் கிளினிக் கொப்பியோடு வந்துவிடுகிறது. “சின்ன டொக்டர், இந்தப் பிரசர் குளிசையை நிப்பாட்டலாமோ?” தெரியாது என்றால், “படிச்ச திமிர்” என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சொல்லட்டும் பிள்ளை. இலங்கை மருத்துவ சபையில் பதியும்வரை நீங்கள் மாணவிதான். குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வேலை இல்லை. ஆனால் ஏன் நிப்பாட்ட நினைக்கிறார் என்று கேட்கலாம். பலருக்குத் தலைசுற்று இருக்கும். டொக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டிருப்பார்கள். அதை ஒரு துண்டில் எழுதி, கிளினிக்கில் காட்டச் சொல்லுங்கள். நெஞ்சுநோ, மூச்சுமுட்டு என்றால் மட்டும் யோசிக்காமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். வார்டில் கண்டதை ஊரில் கதைக்காதீர்கள். வன்னியில் பெயரே தேவையில்லை. “முள்ளியவளைப் பெடியன் ஒருவன்” என்றாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

2009க்குப் பிறகு உடம்பில் ஷெல் துண்டோடு வாழ்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தத் தழும்பைப் பார்க்க வேண்டுமென்றால், மாணவி என்று சொல்லி அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வைத்தியத்துக்குத் தேவையில்லாமல் பழைய கதையைக் கிளற வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறவர் என்றால் துண்டு இருப்பதைப் பொறுப்பான டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அந்த ஸ்கான் மெசின் பெரிய காந்தம், துண்டை இழுக்கலாம். எக்ஸ்ரேயைப் போனில் படம் பிடித்துக் கூட்டாளிகளுக்கு அனுப்புகிற பழக்கம் இருந்தால், இன்றே அழித்துவிடுங்கள்.